தபாலில் படித்த ஹீரோ

ஒரு திருடன். தொழிலுக்குப் புதுசு. கையில் பூட்டுத் திறக்கிற கம்பி இருக்கிறது. ஆனால், திறப்பதற்குப் பக்கத்தில் பூட்டு ஒன்றும் இல்லை. சும்மா நிற்கிறான். போரடிக்கிறதே என்று, அந்தக் கம்பியை மூக்கில் விட்டுக் குடையச் சொல்லி நீங்கள் உத்தரவு போடுகிறீர்கள். பாவம், அவனும் குடைகிறான். கைப்பழக்கம் போதாது. கம்பி போகக்கூடாத இடம்வரை போய்விடுகிறது. ஆள் அவுட். ஆட்டம் குளோஸ்.

நாலு நாள் தொழில் பழகிய திருடனிடம் இதே உத்தரவைப் போட்டால் சாகமாட்டான். மூக்கைத் திறந்துவிட்டான் என்று பாராட்டு வரும். பூட்டுத் திறக்கும் திறமையில் மார்க்கும் கூடும்.

1989ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் இருக்கிற காட்சி இது. விளையாட்டின் பெயர் 'ஹீரோஸ் குவெஸ்ட்'. பின்னால் 'குவெஸ்ட் ஃபார் குளோரி' ஆனது. வீடியோ கேம் சமாசாரமெல்லாம் வீட்டில் இருக்கும் பையனுக்கு, நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு போலிப் பள்ளிக்கூடம், ஒரு போலிக் கணக்கு, 6,093 பேருக்குக் கொடுத்த ஒரு வாக்கு எல்லாம் வரப்போகிறது. அடியேன் பி.காம். கணக்கு வருகிற இடமென்றால் மூக்கு வியர்த்துவிடும்.

முதலில் ஆட்களைப் பார்த்துவிடலாம். லோரி கோல், கோரி கோல். புருஷன் பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.' 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த விளையாட்டு இது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்களில் ஒருத்தர் போர்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன். எதிரே ராட்சசன் வருகிறான், என்ன செய்கிறாய் என்று கேட்பார் கதை சொல்கிறவர். வெட்டுகிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது. தாயத்தை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணையும் உங்கள் ஆளின் திறமையையும் வைத்துத்தான் வெட்டு விழுந்ததா இல்லையா என்று முடிவாகும். திறமை நாளாக நாளாகத்தான் வளரும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் 'ரோல் பிளேயிங்' என்று சொல்லப்படும் விளையாட்டுகள் பெரும்பாலும் இந்த மேஜையிலிருந்து இறங்கி வந்தவைதான்.

கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி மலைக்காட்டுப் பக்கம் ஓக்ஹர்ஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருந்தது சியரா ஆன்லைன் என்கிற கம்பெனி. அதை ஆரம்பித்ததும் ஒரு தம்பதிதான். கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ். 1984ல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' விளையாட்டால் பேர் வாங்கியவர்கள். கோல் தம்பதி இந்தக் கம்பெனியில் வந்து சேர்ந்தார்கள்.

சியராவின் விளையாட்டுகள் வேறு ஜாதி. அவற்றில் கதை உண்டு, புதிர் உண்டு. புதிருக்கு விடை ஒன்றே ஒன்று. அது தெரிந்தால் தாண்டலாம், தெரியாவிட்டால் உட்கார்ந்து முழிக்க வேண்டியதுதான். ஆளின் திறமை என்று ஒன்று அதில் கிடையாது. மேஜை விளையாட்டில் திறமை உண்டு. ஆனால், கம்ப்யூட்டருக்கு அதை மாற்றியவர்களில் பலர் கதையைச் சுருக்கிவிட்டு வெட்டு குத்தைப் பெருக்கிவிட்டார்கள். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறினால் என்ன என்று கேட்டார்கள் லோரியும் கோரியும்.

கிளறியதில் வந்ததுதான் அந்த 1989 விளையாட்டு.

அதில் ஹீரோ யார் தெரியுமா? ராஜகுமாரன் இல்லை. சாபம் வாங்கிய தேவன் இல்லை. பிறக்கும்போதே நெற்றியில் நட்சத்திரம் இல்லை. தபாலில் படித்து ஹீரோ ஆனவன்! 'ஃபேமஸ் அட்வென்ச்சரர்ஸ் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்' என்று ஒரு பள்ளிக்கூடம். புகழ்பெற்ற சாகசக்காரர் நடத்தும் அஞ்சல்வழிக் கல்வி நிலையம். அங்கே பாடம் படித்து முடித்துவிட்டு, வேலை தேடி ஒரு மலை கிராமத்துக்கு வந்து சேருகிறான். விளையாட்டை வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு கையேடு இருக்கும். அது சாதாரண கையேடு இல்லை. அந்தப் பள்ளிக்கூடம் அனுப்பிவைத்த பாடப் புத்தகம்! அரக்கனை எதிர்கொள்வது எப்படி, பயணத்துக்கு என்ன எடுத்துப் போவது என்று சீரியஸாக முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கும்.

நம் ஊரில் தபாலில் படித்துப் பட்டம் வாங்கிய லட்சக்கணக்கானவர்களுக்கு இந்தத் தமாஷ் சட்டென்று புரிந்துவிடும். பழுப்புக் காகிதக் கட்டு, உள்ளே மங்கலாக அச்சடித்த பாடம். ஆனால் அமெரிக்கர்களுக்கு அந்தப் பெயரிலேயே இன்னொரு சிரிப்பு இருந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1948ல் ஆல்பர்ட் டோர்ன் என்கிற ஓவியர் 'ஃபேமஸ் ஆர்டிஸ்ட்ஸ் ஸ்கூல்' என்று ஒன்றைத் தொடங்கினார். புகழ்பெற்ற ஓவியர்கள் உங்களுக்குத் தபாலில் ஓவியம் சொல்லித்தருவார்கள். நார்மன் ராக்வெல்லே அதில் இருந்தார். நன்றாக ஓடியது. 1961ல் அதன் தம்பியாக 'ஃபேமஸ் ரைட்டர்ஸ் ஸ்கூல்' வந்தது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தாளர்களின் போட்டோவோடு விளம்பரம். உங்களுக்குள் ஓர் எழுத்தாளர் இருக்கிறாரா, இதோ பரீட்சை எழுதிப் பாருங்கள் என்று அழைப்பு. எழுதிப் பார்த்த பலருக்கும் உள்ளே எழுத்தாளர் இருந்தார்!

1970 ஜூலையில் ஜெஸிகா மிட்ஃபோர்ட் என்கிற பத்திரிகையாளர் 'அட்லாண்டிக்' இதழில் இந்தப் பள்ளியைப் பிரித்து மேய்ந்துவிட்டார். அவருடைய கணவர் வக்கீல். அவரிடம் ஒரு கேஸ் வந்தது. 72 வயது விதவைப் பாட்டி ஒருவர். வீட்டுக்கு வந்த சேல்ஸ்மேன் பேசிய பேச்சில், சுமார் 900 டாலர் கோர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நூலைப் பிடித்துக்கொண்டு போனார் மிட்ஃபோர்ட். போட்டோவில் சிரித்த பெரிய எழுத்தாளர்கள் மாணவர்களின் காகிதங்களைத் திருத்துவதே இல்லை என்பது வெளியே வந்தது. பாதியில் நின்றுபோகிற மாணவர்கள் கட்டிய பணத்தில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. 1972ல் பள்ளி திவால்.

ஆக, 1989ல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் 'புகழ்பெற்ற சாகசக்காரர் பள்ளி' என்று பார்த்தபோது, விவரம் தெரிந்த அமெரிக்கர் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார். ஓஹோ, இதுவும் அந்த மாதிரி டுபாக்கூர்தானா?

இல்லை என்பதுதான் விஷயம்.

மற்ற விளையாட்டில் மந்திர வாளைக் கண்டெடுத்தால் நீங்கள் பலசாலி. இதில் அப்படியெல்லாம் சலுகை கிடையாது. மரம் ஏற வேண்டுமா, ஏறி ஏறி விழுந்து பழக வேண்டும். கல்லெறிய வேண்டுமா, எறிந்துகொண்டே இருக்க வேண்டும். எதைச் செய்கிறீர்களோ அந்தத் திறமை மட்டும் துளித்துளியாக ஏறும். கையில் காசில்லையா? கோட்டையில் குதிரை லாயம் இருக்கிறது. சாணி அள்ளலாம். கூலி கிடைக்கும், உடம்பிலும் வலு ஏறும். சாணி அள்ளிய ஹீரோவை அதற்குமுன் எந்த விளையாட்டில் பார்த்திருக்கிறோம்?

வைத்தியக்கார அம்மாளின் மோதிரம் தொலைந்துவிட்டது. மரத்தின் உச்சியில் ஒரு பறவைக் கூட்டில் இருக்கிறது. போர்வீரனாக விளையாடுகிறவர் கல்லெறிந்து கூட்டை விழவைக்கலாம். திருடன் மரமேறி எடுக்கலாம். மந்திரவாதி மந்திரம் போட்டு வரவழைக்கலாம். புதிர் ஒன்று, வழி மூன்று. சியராவின் பழைய விளையாட்டுகளில் முழி பிதுங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் திருடன் பாடுதான் எனக்குப் பிடித்தது. அவனும் ஹீரோதான். ராத்திரியில் அவன் கொள்ளையடிக்கப் போகும் வீடுகளில் ஒன்று ஷெரீஃப் வீடு. இன்னொன்று ஒரு கிழவியின் வீடு. பூனை வளர்க்கிற, யாருக்கும் கெடுதல் செய்யாத கிழவி. எடுக்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால், எடுத்துவிட்டு வெளியே வரும்போது விளையாடுகிறவருக்கே ஒரு மாதிரியாக இருக்கும். ஊரைக் காப்பாற்ற வந்தவன்தானே நீ? லோரியும் கோரியும் இந்தக் கேள்வியை அப்போது பதில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

முதல் பாகத்தை முடித்ததும் உங்கள் ஹீரோவை ஒரு ஃப்ளாப்பியில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த பாகம் வந்தால் அவனையே அதில் ஏற்றலாம். சேர்த்த திறமை வீண்போகாது. 1990ல் அரபுக் கதைகளின் வாசனையோடு இரண்டாம் பாகம். 1992ல் ஆப்பிரிக்கச் சாயலில் மூன்று. 1993 கடைசியில் பேய் பிசாசு ஊரில் நான்கு. நடுவில் பெயர் மாறியது. மில்டன் பிராட்லி கம்பெனி 'ஹீரோகுவெஸ்ட்' என்று ஒரு பலகை விளையாட்டு விற்றுக்கொண்டிருந்ததால் வந்த உரிமைச் சிக்கல்.

நாலாம் பாகத்தை அவசரத்தில் அரைவேக்காடாக வெளியே தள்ளினார்கள். பாதியில் நின்று போகும் அளவுக்குக் கோளாறுகள். அடுத்த வருடம் சி.டி.யில் வந்தபோதுதான் ஓரளவு சரியானது. அத்தோடு தொடரை மூடிவிட்டார்கள். ரசிகர்கள் விடவில்லை. எழுதி எழுதித் தொந்தரவு செய்தார்கள். கம்பெனி மனம் மாறி ஐந்தாம் பாகத்துக்குச் சம்மதித்தது. 1998 டிசம்பரில் வந்தது.

கணக்கு வருகிற இடம் இது. நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

1996ல் சியரா விற்கப்பட்டுவிட்டது. வாங்கியது சி.யு.சி. இன்டர்நேஷனல். விலை சுமார் நூறு கோடி டாலர். ரொக்கமாக அல்ல, சி.யு.சி.யின் பங்குகளாக. விளையாட்டுக்கும் இவர்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. சந்தா கட்டினால் தள்ளுபடியில் பொருள் வாங்கலாம் என்று உறுப்பினர் சேர்க்கிற வியாபாரம். தலைவர் வால்ட்டர் ஃபோர்ப்ஸ். சியராவின் இயக்குநர் குழுவிலும் அவர் உட்கார்ந்திருந்தார்.

சி.யு.சி. வரிசையாகக் கம்பெனிகளை வாங்கிக்கொண்டிருந்தது. எதற்கு? இரண்டு கம்பெனி இணையும்போது அதற்கான செலவுக்கென்று ஒரு தொகையைக் கணக்கில் ஒதுக்கிவைக்கலாம். தப்பில்லை. தேவைக்கு மேல் ஒதுக்கிவைத்துக்கொண்டு, பிற்பாடு லாபம் குறைகிற காலாண்டில் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, இதோ பார் லாபம் என்று காட்டினால்? அது தப்பு. அண்டாவில் இருக்கிற தண்ணீரைச் சொம்பில் மொண்டு ஊற்றிவிட்டு மழை பெய்தது என்று சொல்லுகிற மாதிரி. அண்டா வற்றினால் இன்னொரு அண்டா வேண்டும். அதாவது, இன்னொரு கம்பெனியை வாங்க வேண்டும். இது போதாதென்று, வராத வருமானத்தை வந்ததாகவே எழுதிய பக்கங்களும் இருந்தன.

1997ல் சி.யு.சி. இன்னொரு பெரிய கம்பெனியோடு இணைந்து சென்டன்ட் ஆனது. வந்தவர்கள் பேரேட்டைப் புரட்டினார்கள். 1998 ஏப்ரலில் குட்டு வெளியே வந்தது. ஒரே நாளில் பங்கு விலை பாதிக்குப் பாதி விழுந்தது. மூன்று வருடத்தில் ஐம்பது கோடி டாலர் அளவுக்குப் பொய் லாபம். பங்குதாரர்களுக்கு நஷ்ட ஈடாக 280 கோடி டாலருக்கு மேல் தரவேண்டி வந்தது. ஃபோர்ப்ஸுக்கு 2007 ஜனவரியில் 12 வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை.

கடன்பட்ட சென்டன்ட், விளையாட்டுப் பிரிவைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்றது. புது முதலாளி செலவைக் குறைத்தார். 1999 பிப்ரவரி 22, திங்கள்கிழமை. ஓக்ஹர்ஸ்ட் அலுவலகத்தில் வேலை செய்தவர்களைக் கூப்பிட்டு, கடையை மூடுகிறோம் என்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. அந்தச் சின்ன ஊரில் வேறு எங்கே போய் நிற்பார்கள்? மரம் அறுக்கும் ரம்பத்தின் பெயரால் அதை 'செயின்சா மண்டே' என்று இன்றும் சொல்லுகிறார்கள். ஐந்தாம் பாகம் வெளியாகி மூன்று மாதம்கூட முடியவில்லை. லோரிக்கும் கோரிக்கும் சொந்தமென்று மிச்சமிருந்தது என்ன? 'குவெஸ்ட் ஃபார் குளோரி' என்கிற பெயர்கூட இல்லை. அது கம்பெனிச் சொத்து. கை மாறிக் கை மாறி ஆக்டிவிஷனுக்குப் போய், 2023ல் அதோடு மைக்ரோசாஃப்டிடம் போய்விட்டது.

ஆனால், பள்ளிக்கூடம் என்கிற யோசனை இருந்தது. அதற்கு யாரும் பட்டா போட முடியாது.

2012 அக்டோபரில் தம்பதி மறுபடி வந்தார்கள். இந்த முறை முதலாளி கிடையாது. கிக்ஸ்டார்ட்டர் என்று ஓர் ஏற்பாடு. நான் இப்படி ஒன்று செய்யப்போகிறேன், இத்தனை பணம் வேண்டும் என்று பொதுஜனத்திடம் துண்டை விரிக்கலாம். கேட்ட தொகை முழுசாகச் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். ஒரு டாலர் குறைந்தாலும் பைசா கிடையாது. அந்த வருட ஆரம்பத்தில் டபுள் ஃபைன் என்கிற கம்பெனி இப்படியே முப்பத்து மூன்று லட்சம் டாலர் வாரிக்கொண்டு போயிருந்தது. பழைய ஆட்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்திருந்த நேரம்.

கோல் தம்பதி கேட்டது நாலு லட்சம். நவம்பரில் கெடு முடியும்போது சேர்ந்தது 4,09,150 டாலர். கொடுத்தவர்கள் 6,093 பேர். தலைக்கு சுமார் 67 டாலர். விளையாட்டின் பெயர் 'ஹீரோ-யூ: ரோக் டு ரிடெம்ப்ஷன்'. 2013 அக்டோபரில் தந்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

முதலில் நினைத்தது சின்னதாக, சதுரக் கட்டங்களில் நகர்கிற எளிய விளையாட்டு. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ கோல்டிங் என்கிறவர் ஏற்கெனவே செய்துவைத்திருந்த ஒரு விளையாட்டின் அஸ்திவாரத்தின் மேல் கட்டிவிடலாம் என்பது திட்டம். நாலு லட்சத்துக்கு அது சரியான திட்டம்தான். ஆனால், மாதிரிப் படங்களைப் பார்த்த சந்தாதாரர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது 1989ன் ஹீரோ. தம்பதி தலையாட்டினார்கள். இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். முப்பரிமாணம், புது மென்பொருள், புது ஆட்கள்.

2013 அக்டோபர் வந்தது, போனது. 2014ம் போனது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பணம் சேர்ந்த நாளிலிருந்து விளையாட்டு வெளியான நாள்வரை சுமார் 68 மாதம். வந்த பணத்தை வகுத்தால் மாதம் ஆறாயிரம் டாலர். இதில் கிக்ஸ்டார்ட்டர் கமிஷன் வேறு கழியும். மிச்சத்தில் படம் வரைகிறவர், புரோகிராம் எழுதுகிறவர், இசையமைப்பாளர் எல்லோருக்கும் சம்பளம். நடக்கிற காரியமா? 2015ல் மறுபடி கிக்ஸ்டார்ட்டருக்கு வந்து ஒரு லட்சம் கேட்டார்கள். கிடைத்தது. அதுவும் போதவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டார்கள். கடன் வாங்கினார்கள்.

சட்டப்படி கைகழுவ வழியில்லாமல் இல்லை. கிக்ஸ்டார்ட்டரில் பணம் வாங்கிக்கொண்டு, முயன்றோம் முடியவில்லை, மன்னிக்கவும் என்று ஒரு கடிதத்தோடு முடித்துக்கொண்டவர்கள் உண்டு. தம்பதி அந்தக் கடிதத்தை எழுதவில்லை. எங்கே நிற்கிறோம், எதனால் தாமதம் என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. நியாயம்தான். ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு ஐந்தரை வருடம் இழுத்தால் யார்தான் கோபிக்கமாட்டார்கள்? நாலு லட்சத்துக்கு ஒத்துக்கொண்ட வேலையை ஆசைப்பட்டுப் பெரிதாக்கியது பிசகு என்பதுதான் என் கட்சியும். இவர்களிடம் நான் கணக்குப்பிள்ளையாக இருந்திருந்தால் காலில் விழுந்தாவது தடுத்திருப்பேன். நல்லவேளை, இல்லை.

2018 ஜூலை 10. விளையாட்டு வந்தே விட்டது.

ஷான் ஓகானர் என்று ஓர் இளைஞன். திருடர் சங்கத்தில் சேர ஆசை. சேருவதற்கு நுழைவுத் தேர்வு மாதிரி ஒரு வீட்டை உடைக்கப்போய், கையும் களவுமாக அகப்பட்டுக்கொள்கிறான். பிடித்த ஆள் அவனிடம் இரண்டே வழி என்கிறார். ஒன்று ஜெயில். இன்னொன்று பள்ளிக்கூடம். பையன் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கிறான். 1989ன் கிழவி வீட்டு வாசலில் தொங்கிக்கொண்டு நின்ற கேள்வியை எடுத்துக்கொண்டு இங்கேதான் வந்து சேர்ந்தார்கள்.

பழைய கோட்டை ஒன்றுக்குள் இருக்கிறது அந்த ஹீரோ பல்கலைக்கழகம். வெளியே பெயர்ப்பலகையில் திருடர் வகுப்பு என்று போட முடியுமா? தொழிலிலிருந்து நீக்கப்பட்ட பாணர்களுக்கான வகுப்பு என்று நாசூக்காகப் போட்டிருக்கிறார்கள். ஐம்பது நாள் பாடம். காலையில் கிளாஸ். பிறகு கிடைக்கிற நேரத்தில் படிக்கலாம், உடற்பயிற்சி செய்யலாம், கூடப் படிக்கிறவர்களோடு பேசலாம், கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்கங்களில் இறங்கி அடி வாங்கலாம். எல்லாவற்றுக்கும் நேரம் போதாது. அதுதான் விளையாட்டே. பரீட்சை நாளைக்கு வைத்துக்கொண்டு, அழுகிற சிநேகிதிக்கு ஆறுதல் சொல்லப் போவீர்களா, புத்தகத்தைத் திறப்பீர்களா? எல்லா வேடிக்கைப் பேச்சுக்கும் நடுவில் இந்த மாதிரி இடங்களில் கொஞ்சம் சுருக்கென்று குத்தும்.

பிரமாதமான படங்கள் என்று சொல்ல முடியாது. சண்டைக் காட்சிகள் கொஞ்சம் மந்தம். பேச்சும் கதையும்தான் பலம். பழைய ரசிகர்களுக்கு அது போதுமாக இருந்தது. 2022ல் அதே பள்ளிக்கூடத்தை வைத்து 'சம்மர் டேஸ்: டில்லிஸ் டேல்' என்று இன்னொன்றும் வந்தது.

அந்தத் திருடர் வகுப்பில் முக்கியமான பாடம், பூட்டுத் திறப்பது. பொறியைச் செயலிழக்க வைப்பது, சத்தமில்லாமல் நடப்பது எல்லாம் உண்டு. கம்பியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வாத்தியாரே முன்னால் நின்று சொல்லித்தருகிறார். மூக்கில் குடைந்துகொண்டு செத்துப்போன அந்தப் பழைய மாணவனிடம் பாவம், தபாலில் வந்த ஒரு புத்தகம்தான் இருந்தது.